கடைவாய்ப் பற்களைச் சுற்றி உண்டாகும் வீக்கம்: காரணங்களும் பராமரிப்பும்

கிராமங்களில் சுகாதாரப் பணி புரிவோரும், பள்ளிகளிலும் மாணவர் விடுதிகளிலும் பொறுப்பு வகிக்கும் ஆசிரியர்களும் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. பதினெட்டு அல்லது இருபது வயதுள்ள ஓர் இளைஞர் கன்னத்தைக் கையால் தாங்கியவாறு வருகிறார். வாயை முழுவதும் திறக்க இயலவில்லை. உணவை மெல்ல முடியவில்லை. எச்சிலை விழுங்கினால் தொண்டை வலிக்கிறது. காதிலும் குத்தல் இருக்கிறது என்கிறார். இதைக் காதுவலி என்று கருதிக் காதில் எண்ணெய் விடுவோர் உளர். தொண்டை நோய் என்று கருதிக் கஷாயம் கொடுப்போரும் உளர். ஆனால், வாயின் கடைசி மூலையில் ஈற்றைப் பிளந்துகொண்டு பாதி வெளிவந்தும் பாதி மறைந்தும் நிற்கும் ஒரு பல்லே பெரும்பாலும் இத்துன்பத்திற்குக் காரணமாக இருக்கும்.

‘பல்வலியால் உயிர் போவதில்லை’ என்னும் எண்ணம் மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இது முற்றிலும் சரியன்று. கடைவாய்ப் பல்லைச் சுற்றித் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியதே. ஆயினும் அது கழுத்துப் பக்கம் பரவத் தொடங்கினால் ஓரிரு நாட்களில், சில வேளைகளில் சில மணி நேரத்திலேயே, மூச்சுப்பாதையை அடைத்துவிடக் கூடும். எந்த வீக்கத்திற்கு உப்புநீர் போதும், எதற்கு அன்றே மருத்துவமனை வேண்டும் என்பதைப் பிரித்தறிவதே களப்பணியாளர் பெறவேண்டிய முதல் தேர்ச்சியாகும். இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே.

கடைவாய்ப் பற்கள் முளைக்கும் காலம்

வளர்ந்த மனிதனுக்குரிய 32 பற்களில் 12 கடைவாய்ப் பற்களாகும். மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒவ்வொரு பக்கத்திலும் மும்மூன்றாக இவை அமைந்துள்ளன. முதலாவது கடைவாய்ப் பல் ஏறத்தாழ 6 வயதிலும், இரண்டாவது ஏறத்தாழ 12 வயதிலும், மூன்றாவது 17 முதல் 25 வயதுக்குள்ளும் முளைக்கின்றன. அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் மூன்றாவது பல்லை ‘ஞானப்பல்’ என்கிறோம். வட இந்திய மக்கள் வழங்கும் ‘அக்கல் தாட்’ என்னும் பெயருக்கும் இதே பொருள்தான்.

ஞானப்பல் எல்லோருக்கும் ஒரே விதமாக வருவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நான்கு ஞானப்பற்களுள் ஒன்றேனும் தோன்றுவதே இல்லை. மற்றவர்களுள் பலருக்குத் தாடையில் இடம் போதாமையால் அப்பல் நேராக எழும்ப முடியாமல், முன்னுள்ள பல்லின் மீது சாய்ந்தோ, படுக்கையாகவோ, எலும்பினுள் புதைந்தோ நின்றுவிடுகிறது. கீழ்த்தாடையில் இந்நிலை மிகுதி. எனவே வீக்கமும் கீழ்த்தாடையின் கடைசியிலேயே அதிகமாகக் காணப்படுகிறது.

வீக்கம் உண்டாவது எவ்வாறு?

பல் பாதி முளைத்து நிற்கும்போது அதன் மேற்பரப்பின் ஒரு பகுதியை ஈறு ஒரு மடிப்பாக மூடியிருக்கும். இம்மடிப்பிற்கும் பல்லுக்கும் இடையே ஒரு சிறு பை போன்ற இடைவெளி ஏற்படுகிறது. சோற்றுப் பருக்கை, ரொட்டித் துணுக்கு, தானிய உமி ஆகியவை அதனுள் நுழைந்து தங்குகின்றன. பல் துலக்கும் தூரிகையோ வேப்பங்குச்சியோ அவ்விடத்தை எளிதில் எட்டுவதில்லை. வாய் கொப்புளிக்கும் நீரும் உட்புகுவதில்லை. காற்று மிகக் குறைவாயுள்ள அவ்விருட்பையில், காற்றில்லாமலே வாழவல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இதன் விளைவாக ஈறு சிவந்து, தடித்து, வலிக்கத் தொடங்குகிறது. தடித்த ஈறு மேலே எழும்பவே, மேல்தாடையின் பல் ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அதன் மீது இடிக்கிறது. இடிபட்ட ஈறு மேலும் புண்ணாகி வீங்குகிறது. இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல் உண்டாகிவிடுகிறது.

வாய் திறக்க இயலாமைக்கும் விளக்கம் உண்டு. தாடையை மூடும் வலிய தசைகள் ஞானப்பல்லுக்கு மிக அருகில் அமைந்துள்ளன. அழற்சி அவற்றைத் தொட்டவுடன் அவை இறுகிக்கொள்கின்றன. காதில் வலி தோன்றுவதன் காரணம், கீழ்த்தாடைப் பற்களிலிருந்தும் காதின் முன்பகுதியிலிருந்தும் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் ஒரே நரம்பின் கிளைகளாக இருப்பதேயாகும். தாடைக்கடியில் தொட்டால் வலிக்கும் சிறு உருண்டைகள், கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியதன் அடையாளம்.

ஏனைய காரணங்கள்

கடைவாயில் தோன்றும் வீக்கம் யாவும் ஞானப்பல்லால் வந்தது என்று முடிவு கட்டிவிடுதல் கூடாது. பின்வருவனவற்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சொத்தைப் பல்: சொத்தை, பல்லின் நடுவேயுள்ள நரம்பும் இரத்தக்குழாயும் அடங்கிய கூழை அடைந்தால் அது அழிந்து, வேரின் நுனியில் சீழ் சேர்கிறது. முதலில் சூடானதும் குளிர்ந்ததும் பட்டால் வலி, பின்னர் இரவில் விட்டுவிட்டுத் துடிக்கும் வலி, அதன்பின் சில நாள் வலியே இல்லாத அமைதி, இறுதியில் வீக்கம். இதுவே இதன் வழக்கமான போக்கு. இடையில் வலி நிற்பது நோய் தீர்ந்ததன் அடையாளமன்று. கூழ் செத்துவிட்டதன் அடையாளமே.

ஈறு நோய்: பல்லின் கழுத்தில் படிந்து இறுகிய காரையினால் ஈறு பல்லை விட்டு விலகி, அவ்விடைவெளியில் சீழ் கட்டலாம். மீன்முள்ளோ உமியோ ஈற்றில் குத்தி நின்றாலும் இவ்வாறு நேரும்.

சிறுவருக்கு வருவது: 6 வயதிலும் 12 வயதிலும் புதிய கடைவாய்ப் பல் முளைக்கும்போது அதன் மேலுள்ள ஈறு சிறிது வீங்கி வலிக்கலாம். இது பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னம் உப்பி, காய்ச்சலும் இருந்தால் அது பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். அவ்வாறானால் ஈற்றில் சிவப்போ சீழோ காணப்படாது.

பாக்கினால் வரும் வாய் இறுக்கம்: பாக்கும், பாக்குக் கலந்த பொட்டலச் சரக்குகளும் நெடுநாள் மெல்வோருக்கு வாயின் உட்புறத் தோல் நாராக இறுகி, வாய் திறப்பு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைகிறது. வீக்கமும் காய்ச்சலும் இராது. காரம் பட்டால் எரிச்சல் இருக்கும். உட்கன்னம் வெளுத்துத் தோன்றும். இது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய நிலையாதலின் தனிக் கவனம் தேவை.

புற்றுநோய்: புகையிலையைக் கன்னத்திற்கும் ஈறுக்கும் நடுவே அடக்கி வைக்கும் பழக்கம் மிகுந்த நம் நாட்டில், அவ்விடத்திலேயே புற்றுநோய் தோன்றுவது மிகுதி. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கடினமான தடிப்பு, காரணமின்றி ஆடும் பல், பல் பிடுங்கிய பின்னும் ஆறாத குழி ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் காலந்தாழ்த்தாது அனுப்புதல் வேண்டும்.

வீக்கம் கழுத்திற்கு இறங்கினால்

1836ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் பிரடெரிக் ஃபான் லுட்விக் என்பவர் ஒரு கொடிய நோயை விவரித்தார். தாடைக்கடியில் இரு பக்கமும் மரக்கட்டை போல் இறுகிய வீக்கம், மேலே தள்ளப்பட்ட நாக்கு, விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் குறிகள். இன்றும் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது பெரும்பாலும் கீழ்த்தாடையின் இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப் பற்களிலிருந்தே தொடங்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதற்குக் காரணம் உடலின் அமைப்பே. வாயின் தளமாக ஒரு மெல்லிய தசைத்தகடு கீழ்த்தாடையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. முன்பற்களின் வேர்நுனிகள் இத்தகட்டிற்கு மேலே உள்ளன; ஆதலின் அங்குள்ள சீழ் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே வெளிப்படுகிறது. இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகளோ பெரும்பாலும் இத்தகட்டிற்குக் கீழே உள்ளன. அங்கு உண்டாகும் சீழ் வாய்க்குள் வராமல் தாடைக்கடியிலும் கழுத்திலும் இறங்குகிறது. அங்கிருந்து நெஞ்சுக் கூட்டிற்குள்ளும் பரவ வழியுண்டு.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இந்நோய் கண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று மூச்சுப்பாதையைக் காக்கும் முறைகளும், சீழை வெளியேற்றும் அறுவையும், தக்க மருந்துகளும் உள்ளமையால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆயின் அவர்கள் மருத்துவமனையை உரிய காலத்தில் அடைந்தால் மட்டுமே இது இயலும்.

ஓர் உதாரணம் கொள்வோம். திங்கட்கிழமை ஒருவருக்குக் கடைவாயில் வலி தோன்றுகிறது, அவர் பொருட்படுத்தவில்லை. செவ்வாயன்று கன்னம் வீங்குகிறது. வெளியே சூடான ஒத்தடம் கொடுக்கிறார். புதனன்று மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்க வலி சற்றுத் தணிகிறது. வயல் வேலைக்குச் செல்கிறார். வியாழன் காலையில் தாடைக்கடி முழுதும் இறுகி, பேச்சுக் குழறுகிறது. திங்களன்று பல் மருத்துவரிடம் சென்றிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கக் கூடியது, வியாழனன்று அவசர அறுவையில் வந்து நிற்கிறது. நோயின் வேகத்தை விட, நாம் கழித்த நாட்களே இங்கு அபாயத்தை வளர்த்தன.

உடனே அனுப்ப வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்றேனும் இருப்பின் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்:

1. வீக்கம் தாடையின் விளிம்பைக் கடந்து கழுத்திற்கு இறங்குதல், அல்லது கண் பக்கம் ஏறுதல்.
2. நாக்கின் அடிப்பகுதி உயர்ந்து, பேச்சுக் குழறுதல்.
3. எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து ஒழுகுதல்.
4. மூச்சுவிடச் சிரமம், அல்லது படுத்தால் மூச்சு முட்டுதல்.
5. வாய் திறப்பு மிகக் குறைதல்.
6. குளிருடன் கூடிய கடுங்காய்ச்சல், மிகுந்த சோர்வு, மனக் குழப்பம்.

வாய் திறப்பை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி தம் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லலாம். மூன்றும் நுழைந்தால் இயல்பு. ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லையெனில் தாமதம் கூடாது.

மூச்சுத் திணறல் உள்ளவரைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து சற்று முன்குனிந்த நிலையிலேயே கொண்டு செல்லல் வேண்டும். உணவோ நீரோ வற்புறுத்திப் புகட்டுதல் ஆகாது. 108 ஊர்தி உள்ள மாநிலங்களில் அதனை அழைத்து, ‘கழுத்து வீக்கமும் மூச்சுத் திணறலும்’ என்று தெளிவாகத் தெரிவித்தல் நலம்.

வீட்டில் செய்யத் தக்கவை

அபாயக் குறிகள் இல்லாத சிறு வீக்கத்திற்கு, மருத்துவரைக் காணும் வரையில் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளொன்றுக்கு நான்கைந்து முறை, குறிப்பாக ஒவ்வொரு உணவிற்குப் பின்னும், வலியுள்ள பக்கத்தில் சிறிது நேரம் நிறுத்திக் கொப்புளித்தல் வேண்டும். மென்மையான தூரிகையால் அவ்விடத்தையும் மெதுவாகத் துலக்க வேண்டும்; வலிக்கு அஞ்சித் துலக்காமல் விட்டால் கிருமிகள் மேலும் பெருகும். கஞ்சி, தயிர்ச்சோறு, கிச்சடி போன்ற மென்மையான உணவும் போதிய நீரும் கொள்ளல் நன்று.

வலிக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில் உட்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 4 கிராமைக் கடத்தல் ஆகாது. ஈரல் நோயுள்ளோரும் மது அருந்துவோரும் உடல் எடை குறைந்தோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே கொள்ளல் வேண்டும். குழந்தைகளுக்குரிய அளவு எடையைப் பொறுத்தது. அதையும் மருத்துவரே சொல்லல் வேண்டும்.

செய்யத் தகாதவை

வீக்கத்தின் மேல் வெளிப்புறமாகச் சூடான ஒத்தடமோ பற்றோ இடுதல் கூடாது. இதனால் சீழ் வெளித்தோல் பக்கம் வழிதேடிக் கன்னத்தில் புண்ணும் நிலையான வடுவும் உண்டாகலாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைப்பது வலியைத் தீர்ப்பதில்லை. அதன் அமிலம் ஈற்றைச் சுட்டு வெண்புண் ஆக்குகிறது. கிராம்புத் தைலம் சிறிது நேரம் மரப்பை உண்டாக்கும். மிகுதியாக இட்டால் அதுவும் சுடும். புகையிலைப் பொடியையும், ‘குல்’, ‘மிஷ்ரி’ முதலிய கருக்கிய புகையிலைப் பொருள்களையும் பல்வலிக்கு மருந்தாகத் தேய்ப்பது ஒரு நோய்க்கு மற்றொரு கொடிய நோயை விலையாகக் கொடுப்பதாகும். ஊசியாலோ பின்னாலோ ஈற்றைக் குத்துதலும், பயிற்சி பெறாத தெருவோரப் பல்பிடுங்கிகளிடம் செல்லுதலும் அறவே தவிர்க்கத் தக்கவை.

நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பது பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. பல்லினுள்ளும் மடிப்பினுள்ளும் உள்ள கழிவை நீக்காதவரையில் மாத்திரை மட்டும் நோயைத் தீர்ப்பதில்லை; அதை மறைக்கிறது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவற்றை மருத்துவர் கொடுப்பார். தேவையின்றியும் அரைகுறையாகவும் உண்பதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றி, பின்னர் உண்மையிலேயே மருந்து வேண்டியவருக்கு அது பயன்படாமற் போகிறது.

பல் மருத்துவர் செய்வது

ஈறு மடிப்பின் அடியைக் கிருமிநாசினி நீரால் பீச்சிக் கழுவுதல் முதற்படி. இதனாலேயே பலருக்கு ஓரிரு நாளில் நிவாரணம் கிடைக்கிறது. மேல் ஞானப்பல் ஈற்றின் மீது இடிப்பதாயின் அதனைச் சிறிது தேய்த்தோ அகற்றியோ விடுவர். சீழ் இருந்தால் வெளியேற்றுவர். எக்ஸ்-கதிர்ப் படத்தின் உதவியால் பல்லின் சாய்வையும், தாடை நரம்புக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும் அறிவர். பல் நேராக எழும்ப இடமிருந்தால் காத்திருக்கலாம். வீக்கம் மீண்டும் மீண்டும் வருமாயின் அகற்றுவதே முறை. தொல்லை தராத ஞானப்பல் ஒவ்வொன்றையும் பிடுங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. சொத்தைப் பல்லாயின் வேர்க்குழல் சிகிச்சையால் அதைக் காப்பாற்றவும் வழியுண்டு.

பல் பிடுங்கினால் கண்பார்வை குறையும் என்னும் அச்சத்தினால் பலர் சிகிச்சைக்கு இசைவதில்லை. பார்வைக்குரிய நரம்பு வேறு. பற்களின் உணர்ச்சி நரம்பு வேறு. பல்லை அகற்றுவதால் பார்வை குன்றுவதில்லை என்பதைப் பொறுமையுடன் எடுத்துரைத்தல் வேண்டும்.

நீரிழிவு நோயாளிகளிடத்தில் தொற்று விரைவாகப் பரவுகிறது. தொற்றும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. ஆகவே அவர்களுக்குச் சிறு வீக்கமும் பெரிதாகக் கொள்ளத் தக்கதே. கருவுற்ற பெண்கள் பல் சிகிச்சையைப் பிரசவம் வரையில் ஒத்திப்போட வேண்டியதில்லை. அவசரமாயின் எம்மாதத்திலும் செய்யலாம். நடுவிலுள்ள மூன்று மாதங்கள் மிகவும் வசதியானவை. மருந்து மட்டும், கருவுற்றிருப்பதை அறிந்த மருத்துவர் எழுதித் தந்ததாக இருத்தல் வேண்டும்.

தடுக்கும் வழியும் ஆசிரியர் கடமையும்

காலையிலும், இரவு படுக்குமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குதல், கடைசிப் பல்லின் பின்புறம் வரையில் தூரிகையைச் செலுத்துதல், இனிப்பை அடிக்கடி உண்ணாதிருத்தல், பாக்கையும் புகையிலையையும் விலக்குதல் ஆகிய நான்கும் இதற்கு அரண்களாகும். கரித்தூளும் செங்கல் பொடியும் பல்லின் எனாமலைத் தேய்ப்பன. அவற்றை ஒழித்தல் வேண்டும்.

6 வயதில் வரும் முதல் கடைவாய்ப் பல், விழுந்து முளைக்கும் பாற்பல் என்று பெற்றோர் பலராலும் தவறாகக் கருதப்படுகிறது. எந்தப் பாற்பல்லும் விழாமலே, அவற்றிற்குப் பின்னால் அது முளைப்பதே இம்மயக்கத்திற்குக் காரணம். அது ஒருமுறை போனால் மீண்டும் வாராது. முதல் வகுப்பு ஆசிரியர் இவ்வொரு செய்தியைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னாலே பல குழந்தைகளின் பல் காக்கப்படும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரமத்தின் நடமாடும் குழுக்கள் பள்ளிகளுக்கு வரும்போது, கன்னம் வீங்கிய, ஒரு பக்கமாகவே மெல்லுகிற, அடிக்கடி விடுப்பெடுக்கிற மாணவரை ஆசிரியர் முன்கூட்டியே குறித்து வைத்துக் காட்டலாம். 2014-15இல் தொடங்கிய தேசிய வாய்நலத் திட்டமும் அரசு மருத்துவமனைகளில் பல் சிகிச்சையை விரிவாக்கும் நோக்கம் கொண்டதே. பல் மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பின் அங்கும் குறைந்த செலவில் சிகிச்சை பெற இயலும்.

களப்பணியாளர் ஒவ்வொருவரும் தம் பகுதிக்கு அருகில் பல் மருத்துவர் உள்ள அரசு நிலையம் எது, அங்கு எந்நாட்களில் அவர் இருப்பார், இரவில் செல்லக்கூடிய பெரிய மருத்துவமனை எது என்பவற்றை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாராக. வீங்கிய கன்னத்துடன் ஒருவர் வந்து நிற்கும்போது, முதலில் அவர் தாடைக்கடியைத் தொட்டுப் பார்த்து, மூன்று விரல் சோதனையைச் செய்து, விழுங்க முடிகிறதா என்று கேட்டல் வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். உப்புநீருடன் வீட்டிற்கு அனுப்பத் தக்கவர் யார், உடனே ஊர்தியில் ஏற்ற வேண்டியவர் யார் என்பதை அவ்விரண்டு நிமிடமே காட்டிவிடும்.